‘எல்லாருக்கும் வாறதுதான், பிள்ளை’

குடும்பத் திட்டமிடல் பற்றி எங்கே விளக்கம் கொடுத்தாலும் அதில் ஒரு பகுதி கட்டாயம் இருக்கும்: மக்கள் மத்தியில் உள்ள தவறான நம்பிக்கைகள். கருப்பைக்குள் வைக்கும் லூப் மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், மாத்திரைகள் வயிற்றுக்குள் சேர்ந்து கட்டியாகும், ஊசி போட்டவளுக்குப் பிறகு பிள்ளையே தங்காது. மூன்றும் பிழை. பிழை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பகுதியில் நடந்த தாய்மார் குழுக் கூட்டமொன்றில் அந்தப் பட்டியல் அத்தோடு நிற்கவில்லை. ஊசியால் உடம்பு வைக்கும் என்பதும் அதில் இருந்தது. நாள் கணக்காக இரத்தம் படும் என்பது ஊர்க்கதை, மனம் சோர்ந்து போகும் என்பது வெறும் யோசனை என்றும் சொல்லப்பட்டது. முன்பள்ளி மண்டபத்தில் பாயில் இருந்த நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த தாய், இரத்தம் நிற்காததால் ஊசியை விட்டவர். அவரும் தலையாட்டினார்.

அந்தப் பட்டியல் எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏறும் லூப்பையும், ஒரு பெண் தன் உடம்பில் கண்ணால் காணும் இரத்தத்தையும் ஒரே வரிசையில் வைத்து இரண்டும் பொய் என்று சொன்னால் அவள் எதை நம்புவாள்? தனக்கு நடப்பது பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அந்தப் பட்டியலில் உள்ள மற்றவையும் பொய்யாக இருக்காது என்றுதான் முடிவெடுப்பாள். லூப் நெஞ்சுக்கு ஏறும் கதைக்கு உயிர் கொடுப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கருத்தடைக்கு எதிராக நான் எழுதவில்லை. என் அம்மம்மா சாம்பல்தீவில் எட்டுப் பிள்ளைகள் பெற்றவர், அதில் மூன்றைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தவர். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அவருடைய உடம்பு எப்படி இருந்தது என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் தொடங்கியது, 1965இல் அரசாங்கம் அந்த வேலையைத் தாய்சேய் நலச் சேவையோடு சேர்த்தது, இன்றைக்கு மிட்வைஃப் வீடு தேடி வந்து காசு வாங்காமல் ஊசி போடுகிறார், லூப்புக்கு ஒழுங்கு செய்கிறார். இதன் அருமை தெரியாதவள் இல்லை. அருமை தெரிந்ததால்தான் இவ்வளவு வருத்தம்.

நவராத்திரி

இரண்டாவது மகள் பிறந்த பிறகு ஊசிதான் போட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கு ஆரம்ப மாதங்களில் வழமையான கலப்பு மாத்திரை சரிவராது, அதில் உள்ள ஈஸ்ட்ரஜன் பாலைக் குறைக்கக்கூடும். மூன்று மாத ஊசியில் புரொஜெஸ்டரோன் வகை ஹோமோன் மட்டும்தான். 150 மில்லிகிராம், ஒரு குத்து, மூன்று மாதத்துக்கு நினைக்கத் தேவையில்லை. கைப்பிள்ளையும் வேலையும் ஒன்றாக இருக்கும் ஒருத்திக்கு அந்த ‘நினைக்கத் தேவையில்லை’ என்பது பெரிய நிம்மதி. முதல் ஊசி பிரச்சினை தரவில்லை. அடுத்ததற்குப் பிறகு இரத்தம் படத் தொடங்கியது. ஊற்றிப் போகவில்லை. கொஞ்சம், கொஞ்சம், பிறகு ஒரு நாள் இல்லை, நின்றுவிட்டது என்று நம்பி வெள்ளைச் சட்டை போட்டால் அன்றைக்குத் திரும்ப வரும். இப்படியே வாரக்கணக்கில் இழுபட்டது.

அந்த இழுபாடு நவராத்திரியோடு சேர்ந்துகொண்டது. திருகோணமலையில் நவராத்திரி என்றால் கும்பம். வெளியூர்க்காரர் வீட்டுக்குள் கொலு வைப்பதை நினைப்பார்கள். எங்களுக்கு அது வீதித் திருவிழா. ஒழுங்கைக்கு ஒழுங்கை பந்தல் போட்டு, வேப்பிலையும் பூவும் கொண்டு கும்பம் கட்டி, இரவில் தலையில் தாங்கிக்கொண்டு வீதிவலம் வருவார்கள். பறைச் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியதும் வாசலைக் கழுவி நிறைகுடம் வைப்போம். சின்ன வயதில் இருந்து எங்கள் ஒழுங்கைப் பந்தலில் பூக் கட்டுவது என் வேலை. அந்த வருடம் நான் படலைக்கு உள்ளே நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. துடக்கு என்றால் எங்கே நிற்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். மாமிதான் நிறைகுடம் வைத்தார். மூத்தவள் என் கையைப் பிடித்து இழுத்து “வாங்கோ அம்மா, வருது, வருது” என்றாள்.

துடக்கே தேவையில்லாத ஒன்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் அது தீரும்வரை ஒருத்தியின் வாழ்க்கை காத்திருக்காது. என்னோடு வேலை செய்யும் கிண்ணியா ராத்தா ஒருவருக்கு இதே ஊசியால் நோன்பு மாதம் குழம்பிப் போனது. எது மாதவிடாய், எது நோய் இரத்தம், எந்த நாள் தொழலாம், எத்தனை நோன்பைப் பிறகு கழாச் செய்ய வேண்டும் என்று அவர் கைவிரலில் எண்ணிக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். கிளினிக்கில் இந்த இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவுதான், உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போக முடியாத, தொழுகைக்கு நிற்க முடியாத, கணவன் பக்கத்தில் வந்தாலே தள்ளிப் படுக்கிற, அலுவலகக் கதிரையை விட்டு எழும்பும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதங்கள் அவை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நப்கின் விற்ற விலையும் நினைவில் வைத்துப் பாருங்கள். நான் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து, அலுவலகப் பையில் கறுப்பு ஷொப்பிங் பையொன்றுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

இரண்டு பக்கமும் ஒரே பதில்

கிளினிக்கில் சொன்னேன். “எல்லாருக்கும் வாறதுதான், பிள்ளை. போகப் போகச் சரிவரும்.” அட்டையில் திகதி, ஊசி, அடுத்த திகதி. நான் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. அப்படிச் சொன்ன மிட்வைஃப் மிஸ்ஸில் எனக்குக் கோபம் இல்லை. காலையில் இருந்து கர்ப்பிணிகளின் நிறை, குழந்தைகளின் தடுப்பூசி, வீடு வீடாக ஸ்கூட்டியில் போக வேண்டிய பட்டியல் என்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அதோடு அவர் சொன்னது பொய்யும் இல்லை. இந்த ஊசி போடும் பெண்களில் பெரும்பாலானோருக்கு முதல் மாதங்களில் இரத்தம் ஒழுங்கில்லாமல் படும். ஒரு வருடம் போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும். போகப் போகச் சரிவரத்தான் செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் வருவது என்றால் அதை எல்லோருக்கும் முன்னரே சொல்லியிருக்கலாம். வந்த பிறகு அந்த வார்த்தை ஆறுதலாக இல்லை, வாயை மூடச் சொன்னது போலத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். “அப்ப விட்டுடு” என்றார் அம்மா. மாமி இன்னும் ஒரு படி மேலே போய், நிற்காமல் போனாலும் கெடுதல், நின்றுபோனாலும் உள்ளுக்குள் கெட்ட இரத்தம் தங்கும் என்றார். தங்காது. கருப்பையின் உட்சுவர் மெல்லிதாகிவிடுவதால் வெளியேற ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். ஆனால் அதை எனக்கு விளக்க யாரும் இல்லாதபோது மாமிக்கு நான் எப்படி விளக்குவது? விட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டால் அம்மாவிடமும் பதில் இல்லை. “கவனமா இருங்கோ” என்றார்.

யோசித்துப் பார்த்தால் கிளினிக்கும் வீடும் என்னிடம் சொன்னது ஒன்றுதான். ஒரு பக்கம் தாங்கு என்கிறது, மறுபக்கம் நிறுத்து என்கிறது. இரண்டு பேருமே நான் சொன்னதை ஒரு முறைப்பாடாக எடுக்கவில்லை. கிளினிக்குக்கு அது பயந்த பெண்ணின் தயக்கம், பேசிச் சரிப்படுத்த வேண்டியது. வீட்டுக்கு அது கருத்தடையே கூடாது என்பதற்கு ஒரு சாட்சி. எனக்கு இரண்டாவதும் வேண்டாம், முதலாவதும் வேண்டாம். எனக்குப் பிள்ளை இப்போது வேண்டாம், இந்த இரத்தமும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து விரும்புவது பேராசையா?

மச்சாளின் கதை இன்னும் சிக்கலானது. அவளுடைய கணவர் கட்டாரில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், ஒரு மாதம், கூடினால் நாற்பது நாள். இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடுகள் என்று கிழக்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் வரும் செய்தி வந்ததும் அவள் போய் ஊசி போட்டாள். அவர் வந்தார், போனார். ஊசி போகவில்லை. அவர் தோஹாவில் வேலைக்குத் திரும்பிய பிறகும் இங்கே அவளுக்கு இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது, பக்கத்தில் ஆணே இல்லாத வீட்டில். இந்த ஊசியைப் போட்டால் பிறகு வெளியே எடுக்க முடியாது, அதன் காலம் முடியும்வரை உடம்புக்குள் இருக்கும். அடுத்த தடவை அவர் வந்தபோது அவள் போடவில்லை. மிட்வைஃப் பதிவேட்டோடு வந்தபோது தனியார் டொக்டரிடம் போட்டதாகச் சொல்லிவிட்டாள். அந்த லீவில்தான் மூன்றாவது பிள்ளை. அந்தப் பிள்ளை இன்று எல்லோருக்கும் செல்லம், அது வேறு. ஆனால் ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்டபோது அவள் சொன்னாள்: “இரத்தம் படுது எண்டு சொன்னா திரும்ப அதே கதைதான் சொல்லுவினம், மச்சாள். போட்டுட்டன் எண்டா ஆளை விட்டுடுவினம்.”

கலண்டரில் சிவப்புப் புள்ளி

எனக்கு இந்த விஷயம் மாறியது ஒரு காலை நேரத்தில். எங்கள் மிஸ் லீவில் போனதால் பதில் கடமைக்கு மூதூர்ப் பக்கத்தில் இருந்து இன்னொருவர் வந்திருந்தார். வயதானவர், ஓய்வுக்குக் கிட்ட. நான் அட்டையை நீட்டி, அடுத்த ஊசி வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. “எப்ப தொடக்கம்?” என்று கேட்டார்.

எப்போது தொடக்கம், இடையில் எத்தனை நாள் நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறேன், கட்டி கட்டியாகப் போகிறதா, எழும்பும்போது தலை சுற்றுகிறதா, பிள்ளை இன்னும் பால் குடிக்கிறதா, இரவில் நித்திரை எப்படி. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார், பிறகு எழுதினார். அட்டையில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில், குறுக்காக, சின்ன எழுத்தில் எழுதினார். கீழ் இமையை இழுத்து நிறம் பார்த்தார். கர்ப்பமில்லை என்பதை உறுதிப்படுத்தச் சொன்னார், ஹீமோகுளோபின் பார்க்க ஒரு துண்டு தந்தார். கடைசியாக ஒன்று கேட்டார்: “இதில உங்களுக்குக் கூடக் கஷ்டம் எது, மகள்?” கோவிலுக்குப் போக முடியவில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இரத்தசோகை, மயக்கம் என்று ஏதாவது மருத்துவமாகச் சொல்லியிருக்க வேண்டும் போலிருந்தது. அவர் அதையும் எழுதினார்.

பிறகு சொன்னார். உட்சுவர் மெல்லிதாகி நிலையில்லாமல் இருப்பதால்தான் இப்படித் துளித்துளியாக உதிர்கிறது. இதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். மாதவிடாய் வலிக்கு நாங்கள் எல்லோரும் போடுகிற மெஃபனமிக் அசிட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நாள் எடுத்தால் சிலருக்கு நிற்கும். டொக்டர் எழுதித் தருவார். எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் திரும்ப வரலாம். அப்படி வந்தால் முறையை மாற்றலாம். ஊசியை விட்டால் உடனே பழையபடி ஆகாது, மாதக்கணக்கு எடுக்கும். மற்ற முறைகளை விட்டவர்களைவிட இந்த ஊசியை விட்டவர்களுக்குக் கரு தங்க ஏறத்தாழ நான்கு மாதம் கூடப் பிந்தும். ஆனால் தங்காமல் போகாது. அதற்காக இடையில் பாதுகாப்பு இல்லாமல் இருக்கவும் கூடாது. எடையும் கூடும்தான், சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு கிலோ, சிலருக்கு அதைவிட. எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறையும், விட்ட பிறகு பெரும்பாலும் திரும்ப ஏறும். வீட்டில் கலண்டர் இருக்குத்தானே, இரத்தம் படும் நாளில் ஒரு புள்ளி வையுங்கள், அடுத்த முறை அதைக் கொண்டுவாருங்கள்.

குசினிச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரில் மகளின் சிவப்புப் பேனையால் வைத்தேன். பிரதோஷம், ஏகாதசி, கார்த்திகை விரதம் என்று அச்சடித்த கட்டங்களுக்குள் என் புள்ளிகள். மாமி பார்த்தார், என்ன என்று கேட்டார், சொன்னேன். “எங்கட காலத்தில இதெல்லாம் ஆர் கேட்டவை” என்றார். அதற்குப் பிறகு, நான் மறந்த நாட்களில் அவரே “இண்டைக்கு வைக்கேல்லையோ” என்று நினைவூட்டினார். எங்கள் வீட்டில் அதுவரை அடிக்குரலில் பேசப்பட்ட ஒன்று சுவரில் தொங்கியது. இவரும், என் கணவர், பார்த்தார். புள்ளிகளை எண்ணினார். ஊசியால் எனக்கு ஏதோ கரைச்சல் என்று மட்டும் தெரிந்திருந்த மனிதருக்கு, எத்தனை நாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மருந்து கேட்டது, பிறகு இரத்தம் திரும்ப வந்தது. அந்த மிஸ் சொன்னபடியே. நான் லூப்புக்கு மாறினேன். செம்பு லூப், ஹோமோன் இல்லாதது, பத்து வருடம் வரை இருக்கலாம். அதற்கும் விலை உண்டு: முதல் சில மாதங்களுக்கு மாதவிடாய் கூடப் போகும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். எனக்கு இரண்டும் நடந்தது. முதல் மாதம் போன இரத்தம் ஊசியில் போனதைவிட அதிகம். ஆனால் அது வரும் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது, எப்போது கிளினிக்குக்கு ஓடிவர வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கையில் இருந்தது. அதனால் தாங்கினேன். குறைந்த இரத்தத்தைத் தாங்க முடியாதவள் கூடிய இரத்தத்தைத் தாங்கினேன் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மெக்சிக்கோவில் இதே மூன்று மாத ஊசி போட்ட பெண்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இரத்தம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே விளக்கமாகச் சொல்லப்பட்டவர்களில் ஊசியை இடையில் விட்டவர்கள், வழமைபோல ஊசி போட்டு அனுப்பப்பட்டவர்களில் விட்டவர்களின் பாதிக்கும் குறைவு. பக்க விளைவைச் சொன்னால் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொல்லாதபோதுதான் ஓடுகிறோம்.

கேட்கப்படாத பழைய முறைப்பாடு

இது எங்கள் கிளினிக்கில் தொடங்கியது இல்லை என்பதைப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். கருத்தடை மாத்திரையை 1956இல் போர்ட்டோ ரிக்கோவில், ரியோ பியெத்ராஸ் என்ற இடத்தில் ஏழைப் பெண்களுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர், நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஓங்காளம், தலைச்சுற்று, தலையிடி, வயிற்று வலி என்று கண்டு, மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கிறது, ஆனால் பொதுவாகக் கொடுக்க முடியாத அளவுக்குப் பக்க விளைவு இருக்கிறது என்று எழுதினார். ஆராய்ச்சியை நடத்திய கிரெகரி பின்கஸ் அதைப் பெண்களின் மனப்பிரமை என்று தள்ளினார். 1960இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரஜன் வகை 150 மைக்ரோகிராம். இன்றைக்கு நாங்கள் போடும் மாத்திரைகளில் பெரும்பாலும் 30, அல்லது அதிலும் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு போதுமாக இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் சொன்னது மனப்பிரமை இல்லை, மருந்தின் அளவு பிழை.

1970இல் அமெரிக்க செனற் சபையில் மாத்திரையின் பாதுகாப்புப் பற்றி விசாரணை நடந்தபோது, அதை விழுங்கும் பெண் ஒருத்தியைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை என்று பார்வையாளர் பகுதியில் இருந்த பெண்கள் எழும்பிச் சத்தம் போட்டார்கள். அதன் விளைவாகத்தான் மாத்திரைப் பெட்டிக்குள் பக்க விளைவுகளை அச்சடித்த தாள் வந்தது. மாத்திரை வாங்கும்போது உள்ளே மடித்திருக்கும் அந்த மெல்லிய தாளை நாங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிகிறோம். அது பெண்கள் கத்தி வாங்கியது. ஊசியில் எங்களுக்கு அந்தத் தாளும் இல்லை. குப்பி வந்த பெட்டி மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் கையை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கம்.

மனச்சோர்வும் அப்படித்தான். 2016இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஹோமோன் கருத்தடை எடுப்பவர்களிடம் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குவது எடுக்காதவர்களைவிட ஓரளவு கூடுதலாக இருந்தது, பதின்வயதினரிடம் இன்னும் கூட. ஹோமோன்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வெறும் யோசனை என்று இதைத் தள்ளவும் முடியாது.

தமிழ்ப் பெண்களுக்கு இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. 1980களில் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 500 ரூபாய் கொடுத்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அந்தக் காசு என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லி அழைத்துவிட்டுத் தங்களுக்குக் கைக்குள் வைக்கும் கருத்தடைக் குச்சியை வற்புறுத்தி வைத்தார்கள் என்று தாய்மார் சொன்னார்கள். 2019இல் குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் மீது, சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஆதாரமில்லாத பழி போட்டு நாடே கொதித்தது. இப்படியான ஊரில் ஒருத்தி “எனக்கு இரத்தம் நிற்கவில்லை” என்று வாய் திறந்தால் அது அவளுடைய இரத்தமாக இருப்பதில்லை. எங்கள் இனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்பவர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்து பக்க விளைவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் மறுபக்கம். வேரவில் பெண்கள் சொன்னதை நான் நம்புகிறேன். அதே நேரம், என் தெருவில் ஊசி போடப் போகும் ஒருத்தியைப் பார்த்து இனத்துக்காகப் பெற்றுக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றும் நம்புகிறேன். இரண்டிலும் அவளைக் கேட்காமல்தான் அவள் உடம்பைப் பற்றி முடிவு எடுக்கப்படுகிறது.

வெளியே மோட்டார்சைக்கிளில் இருப்பவர்கள்

இவ்வளவு நேரமும் ஊசி, லூப், மாத்திரை, குச்சி என்று பெண்ணின் உடம்புக்குள் போகிறவற்றையே பேசியிருக்கிறேன். கிளினிக்கிலும் அதுதான். கணவன்மார் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேப்ப மரத்துக்குக் கீழே மோட்டார்சைக்கிளில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஆண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை இருபது நிமிட வேலை, விறைப்பூசி போட்டுச் செய்வது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து உறுதி செய்யும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான். பெண்ணுக்குக் கருக்குழாயைக் கட்டிச் செய்யும் எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டால் சின்னது, ஆபத்தும் குறைவு. ஆனாலும் நம் நாட்டில் அதைச் செய்துகொள்ளும் ஆண்கள் மிக மிகக் குறைவு. திருக்கடலூர்ப் பக்கம் கேட்டால் வலை இழுக்கப் பெலன் இருக்காது என்பார்கள். ஆண்மை போய்விடும் என்பார்கள். இரண்டும் பொய். தவறான நம்பிக்கைகள் என்று ஒரு பட்டியல் போடுவதானால் அதற்கு மேலே எழுத வேண்டியவை இவை.

ஆண்களுக்கான ஹோமோன் ஊசி ஒன்றும் பரிசோதிக்கப்பட்டது. 320 ஆண்கள் சேர்ந்த அந்த ஆய்வை மனநிலை மாற்றம் போன்ற பக்க விளைவுகளுக்காக 2011இல் இடையில் நிறுத்தினார்கள், முடிவு 2016இல் வெளியானது. ஆண்கள் தாங்க மாட்டார்கள் என்று அதை வைத்துப் பலர் எழுதினார்கள். அது நியாயமில்லை. நிறுத்தச் சொன்னது ஆண்கள் இல்லை, ஆய்வின் பாதுகாப்பை வெளியில் இருந்து மதிப்பிட்ட சுயாதீனக் குழு. பங்குபற்றியவர்களில் பெரும்பாலானோர் அந்த முறை கிடைத்தால் பயன்படுத்துவோம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதில் பட்டது வேறு. அந்த ஆண்களுக்கு முகப்பரு வந்ததையும் மனம் சோர்ந்ததையும் ஒருவர் கேட்டு, எழுதி, எண்ணி, இது போதும் என்று சொல்ல ஒரு குழு இருந்திருக்கிறது. எங்கள் அட்டையின் ஓரத்தில் எழுத ஒரு மூதூர் மிஸ் வர வேண்டியிருந்தது.

அவர் அந்தப் பதில் கடமைக் காலத்தில் இன்னொன்றும் செய்தார். மரத்தடியில் இருந்தவர்களை உள்ளே கூப்பிட்டார். “தம்பி, வாங்கோ, இது உங்கட விஷயமும்தான்.” இவர் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு. லூப் வேலை செய்யாமல் போனால் அடுத்தது என்ன என்று மிஸ் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். இவர் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் டொக்யார்ட் வீதியில் மோட்டார்சைக்கிளை மெதுவாக்கி, “அது நான் செய்யலாம்” என்றார்.

இதை நான் மச்சாளிடம் சொன்னேன். அவளுடைய கணவர் வருகிற டிசம்பரில் லீவில் வருகிறார். மூன்று பிள்ளை போதும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த முறை ஊசி போட மாட்டேன் என்று வட்ஸ்அப்பில் நேரடியாகவே சொல்லியிருக்கிறாள். முதலில் அவர் கோபப்பட்டிருக்கிறார், பிறகு ஏன் என்று கேட்டிருக்கிறார். அவர் திரும்பிப் போன பிறகும் இரத்தம் பட்ட கதையை அப்போதுதான் சொன்னாளாம். அவருக்கு அது தெரியாது. பிரதான வீதிப் பாமசியில் எல்லோரும் தெரிந்தவர்கள், அங்கே போய் ஆணுறை வாங்க அவருக்குக் கூச்சம். தோஹாவில் அவரை யாருக்கும் தெரியாது, வரும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சை பற்றி வந்த பிறகு டொக்டரோடு கதைக்கலாம் என்றாராம். மச்சாள் கிளினிக்குக்குப் போய் அதற்கும் ஒரு திகதி கேட்டிருக்கிறாள், அவர் பெயரில்.